ஆமை செய்த தப்பு

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எந்த மடையன் எழுதின புரோகிராம் இது?"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் கேட்டாள்.

"உன் எதிர்ல உட்கார்ந்து டீ குடிக்கிற மடையன்தான்" என்றார் அவர்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. பார்க்க வந்த பழைய சிநேகிதர் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு ஓரமும் துளை போட்ட, பழுப்பேறிய பிரிண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு முன் அவருடைய சதுரங்க புரோகிராமும் அவளுடையதும் மோதிய ஆட்டம் அதில் இருந்தது.

ஆபீசில் அப்போது இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. தற்காலிகமாக இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர். சதுரங்கப் பைத்தியமான மேனேஜர், "நீங்க சண்டை போட வேண்டாம். உங்க புரோகிராம்கள் போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவருடையது யோசித்து யோசித்து ஆடும். அதனால் ஆமை. அவளுடையது கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டும். வெட்டுக்கிளி.

வெட்டுக்கிளி ஜெயித்தது. அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவர் பின்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டார்.

"ரெண்டு மெஷினையும் எப்படிம்மா இணைச்சீங்க?"

"இணைக்கறதாவது! நாங்கதான் ஒயர். அவங்கவங்க திரையில என்ன வருதோ அதை வாயால சொல்லணும், எதிர்ல இருக்கறவங்க தங்க மெஷின்ல அடிச்சுக்கணும். மேசைக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்."

"நடுவுல நீ" என்றார் அவர். "ஏழு மாசம். உங்கம்மாவைவிட நீதான் மேசைக்குக் கிட்ட இருந்தே."

"அப்பா?"

"அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. வீட்ல உட்கார்ந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தார்" என்றாள் அவள்.

மகளின் லேப்டாப்பில் இருந்த புதிய சதுரங்க புரோகிராம் அந்தப் பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலாகத் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டே போனது.

"பத்தாவது, அம்மா சறுக்கல். பன்னிரண்டு, மறுபடியும் அம்மா. பதினேழு... அட! இங்க ஒரு சிப்பாய் சும்மா நிக்குது. வெட்டியிருந்தா அம்மாவோட ராணியே போயிருக்கும். வெட்டுக்கிளி வெட்டவே இல்லையே! எப்படிம்மா?"

"மேல போ" என்றாள் அவள். "மாமாவுக்கு நேரமாகுது."

"எனக்கு என்ன அவசரம்?" என்றார் அவர்.

"முப்பத்தொண்ணு. ஆமை ஜெயிச்ச மாதிரிதான். கண்ணை மூடிட்டு ஆடினாலும் போதும். இந்த இடத்துல யானையைக் கொண்டுபோய் ராணி வாயில வெச்சிருக்கு!"

அந்த யானைதான். முப்பது வருஷமாக அவருக்குப் போன் போட்டால் அம்மா முதலில் கேட்பது, "யானை சௌக்கியமா?" என்றுதான். அவரும் சளைக்காமல், "தீனி போட்டுக் கட்டுப்படி ஆகலை" என்பார்.

"இருங்க, ஆமையையே கேட்டுடலாம்" என்றாள் மகள். அவர் போன வாரம் கொடுத்த பழைய டிஸ்கைத் தன் ஆபீசில் கொடுத்து லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தாள். "எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தானே சொல்லும்?"

"என் ஆமைக்கு நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு பேசத் தெரியாது" என்றார் அவர். சொன்ன பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

மகள் முப்பதாவது நகர்த்தல் வரை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் வந்தது. யானை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குதிரைதான் நகர்ந்தது.

இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் குதிரை.

"மாமா, யானையைக் குடுத்தது ஆமை இல்லை!"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "தெரிஞ்சுபோச்சா? திரையில குதிரைன்னு இருந்துச்சு, நான் பராக்குப் பார்த்துட்டு வேற ஏதோ சொல்லிட்டேன். வெட்கத்துல ஆமை மேல பழியைப் போட்டுட்டேன்."

"அடப்பாவமே! ஒரு வார்த்தையில வேலை போச்சா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, உன் டிஸ்கையும் பீரோவுல இருந்து எடுத்து ஏத்தி வெச்சிருக்கேன். அந்தப் பதினேழாவதைக் கேட்டுப் பார்க்கலாமா?"

அம்மா காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"அது எதுக்கு?" என்றார் அவர். "ஆட்டம் முடிஞ்சப்புறம் உங்கம்மா அதை நாலு தடவை மாத்தி எழுதினா. அன்னிக்கு ஆடின வெட்டுக்கிளி இப்ப இல்லை. கேட்டா ஏதாவது உளறும்."

அன்றைக்குப் பிறகு அவள் அந்த டிஸ்கைத் தொட்டதே இல்லை.

மகளுக்குப் போன் வந்தது. எழுந்து மாடிக்குப் போனாள்.

"நிஜமாவே பராக்குப் பார்த்துட்டு இருந்தீங்களா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

அவர் பிரிண்டர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"அப்ப நீ பெரிய கண்ணாடி போட்டிருப்பே. பதினேழாவதுல உன் திரை என்ன சொல்லுச்சுன்னு அதுல பச்சையாத் தெரிஞ்சுது. சிப்பாயை வெட்டச் சொல்லுச்சு. நீ வேற சொன்னே."

அவள் தலை நிமிரவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே..."

"பொய் சொல்லத் தெரியாதவ சொல்றான்னா, வீட்ல என்ன கஷ்டமோன்னு தோணுச்சு." அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "சரி, வேலை உனக்கே இருக்கட்டும்னு முடிவு பண்றதுக்குத்தான் பதினாலு நகர்த்தல் ஆயிடுச்சு. நானும் ஆமைதானே."