ஆறு பாட்டில் கறுப்பு

பிரிண்டரிலிருந்து தாள் பாதி எட்டிப் பார்த்ததும், “இங்க கொஞ்சம் வாயேன்” என்று மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்த ஸ்டுடியோக்காரர், சட்டென்று மூடிக்கொண்டார்.

இன்றைக்குக் கூப்பிடப் போவதில்லை.

போன வாரம் வரைக்கும், இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்காமல் அந்தக் கடையிலிருந்து ஒரு படமும் வெளியே போனதில்லை. உன் கண்ணுக்கு முன்னால் என் கண் எம்மாத்திரம் என்று ஐஸ் வைத்தே கூப்பிடுவார். அவளும் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, கொஞ்சம் பச்சை அடிக்கிறதே என்பாள். தானும் அதைத்தான் நினைத்ததாக அவர் தலையை ஆட்டுவார்.

நினைத்தாராம், நினைத்தார்! அவர் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே பச்சையும் சிவப்பும் ஒன்றுதான்.

போட்டோ பிடிக்கிறவருக்கு நிறம் தெரியாது என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு என்னாவது? யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட. அவளிடம் சொல்லத்தான் ரொம்பவும் பயந்தார்.

கடைசியில் கறுப்பு வெள்ளைதான் காலை வாரியது. சாம்பல் நிறத்தைக்கூட பிரிண்டர் கலர் மைகளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. கலவை ஒரு துளி பிசகினால் நிழலெல்லாம் பச்சை.

போன வாரம் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், புது நூலகத்துக்கான நாற்பது கறுப்பு வெள்ளைப் படங்களை அவரே துணிந்து போட்டுக் கொடுத்தார். எல்லா முகத்திலும் பாசி பிடித்திருக்கிறது என்று நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. இன்று மாலைக்குள் சரியாகக் கொடுக்காவிட்டால் வேலை வேறு கடைக்குப் போய்விடும்.

அதனால்தான் இந்த முடிவு. பிரிண்டரைக் கழுவி, கலர் மைகள் இருந்த இடத்தில் கரியிலிருந்து செய்த ஆறு மைகளை ஊற்றிவிட்டார். அட்டக் கறுப்பில் தொடங்கி வெளிறிய சாம்பல் வரை ஆறு பாட்டில். நீலம் கலந்த கறுப்பு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று மை விற்பவர் ஆசை காட்டினார். அதற்குப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

இனி இந்த மெஷினில் ஒரு கலர் படமும் வராது. பச்சையும் வராதே!

தாள் முழுசாக வந்து விழுந்தது. புத்தக அடுக்குக்கு நடுவே சிரிக்கும் ஒரு பெண். கன்னத்தின் நிழல், சட்டையின் மடிப்பு, காதோரம் பறக்கும் ஒற்றை முடி. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

நன்றாக இருக்கிறது என்று முதல்முறையாக யாரையும் கேட்காமல் சொல்லிக்கொண்டார்.

திரும்பினால், கடைக்குக் கிளம்பிய மனைவி, கையில் காலிக் காய்கறிப் பையோடு.

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மேசையில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அவருக்கு வேர்த்துவிட்டது. பேச்சை மாற்ற, இன்றைக்குக் காய்கறி நானே வாங்கி வருகிறேன் என்று பையைப் பிடித்து இழுத்தார்.

அவள் பையை விடவில்லை.

“நீங்க மீதி முப்பத்தொம்பதையும் போடுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவையாவது உங்கள தக்காளி வாங்க அனுப்பியிருக்கேனா?” என்றாள்.