நியூட்ரல்

"நிறுத்துங்கண்ணே! எங்க வண்டி எதுன்னு பாக்காம நசுக்கிராதீங்க!"

நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள் இன்பராணி. டெல்லியில் நஜஃப்கரைத் தாண்டிய அந்தப் பழைய இரும்புக் கிடங்கில், கிரேன் இரண்டு டிராக்டர்களில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டிருந்தது.

"ருக்கோ, பையா!" என்று கிரேன்காரனை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார் மேஸ்திரி பச்சைமுத்து. தர்மபுரிக்காரர். "நசுக்கப் போறோம்னு போன்ல சொன்னதும் மனசு மாறிட்டீங்களா சிஸ்டர்? அதானே, சார் ஆசை ஆசையா வாங்கின வண்டியாச்சே."

பழைய டிராக்டர் என்றால் அவள் கணவர் சத்தியசீலனுக்கு உயிர். அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, கொட்டகையைக் காலி செய்தபோதுதான் வண்டியை இங்கே தள்ளிவிட்டிருந்தாள்.

"ஒண்ணைத்தான் நசுக்கறோம். இன்னொண்ணு ஒரு ஹோட்டலுக்குப் போவுது. வாசல்ல நிறுத்துவாங்களாம், புள்ளைங்க ஏறி விளையாட. ஆனா ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே!"

ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த மாடல்கள். பழைய மாடலுக்கு ஹெட்லைட் மட்கார்டின் மேல் இருக்கும், புதியதற்கு முன்பக்கக் கிரில்லுக்குள். மட்கார்டு, கிரில், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிட்டு, ஒண்ணா இருக்கே என்று ஆச்சரியப்படுகிறார் மனிதர்.

வண்டி மாறிப்போனால் சாகிறவரை இன்பராணிக்குத் தூக்கம் வராது.

"பேட்டரி இருக்காண்ணே?"

"இருக்கு. டேங்க்ல டீசல்தான் இல்ல."

"டீசல் வேண்டாம். கியர்ல போட்டு ஸ்டார்ட்டரை அமுக்குங்க. புது மாடல் நியூட்ரல்ல இருந்தாத்தான் சுத்தும். எங்க வண்டி கியர்ல இருந்தாலும் குதிக்கும்."

தொங்கிக்கொண்டிருந்ததை இறக்கினார்கள். பச்சைமுத்து பேட்டரியை இணைத்து, ஏறி உட்கார்ந்து, கியரில் போட்டு அமுக்கினார். சத்தமே இல்லை. நியூட்ரலுக்கு மாற்றி அமுக்கினார். இன்ஜின் கரகரவென்று சுற்றியது.

"இது இல்ல" என்றாள்.

பேட்டரி அடுத்த வண்டிக்குப் போனது. வேடிக்கை பார்க்க வந்த கிரேன்காரன் அதற்கு நேர் முன்னால் நின்றான்.

"ஹட்டோ! முன்னாடி நிக்காதீங்க!" என்று அலறி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் இன்பராணி. அவன் மிரண்டுபோய் ஒதுங்கினான்.

பச்சைமுத்து அமுக்கினார். வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்து நின்றது.

இன்பராணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது.

"அழாதீங்க சிஸ்டர், அதான் கண்டுபுடிச்சாச்சே. இது பத்திரமா ஹோட்டலுக்குப் போயிடும். சார் ஞாபகம் வர்றப்ப எல்லாம் போய்ப் பாத்துக்கலாம். இன்னொண்ணை நசுக்கிடறோம், அச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வண்டியை அவள் தொடவே இல்லை.

"இதை நசுக்குங்கண்ணே. அன்னைக்கு இதுக்கு முன்னாடி நின்னது அவுகதான்."