புது ரெக்சின்

படகு இல்லத்தில் வேலை பார்க்கும் கண்ணுசாமி, ஒரு படகு சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து புது ரெக்சின் அடிக்க உட்கார்ந்தார். மகள் கவியா ஓடிவந்தாள்.

"பழசப் பிரிக்காதப்பா. அது மேலயே நான் அடிச்சித் தர்றேன்."

"தண்ணி தங்கி ஸ்பாஞ்சு அழுகிடுமேம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை நீட்டினார்.

அடித்து முடித்து அவள் கல்லூரிக்குக் கிளம்பியதும் மனைவி சாலம்மாள் சிரித்தாள். "வூட்ல ஒரு துரும்பக் கிள்ளிப் போடமாட்டா. இன்னிக்கு இன்னா அக்கறை! ஆமா, கிழிஞ்சதெல்லாம் அங்க கெடக்க, நல்ல சீட்ட எதுக்குத் தூக்கினு வந்தீங்க?"

"அந்தப் பழைய ரெக்சின்ல கவியா, பிரிட்டோன்னு பேனாவால எழுதி, சுத்தி இதயம் வரைஞ்சிருக்கு. ஊரு பாக்கறதுக்குள்ள மூட வேணாமா?"

சாலம்மாளின் சிரிப்பு நின்றது. "இப்ப இன்னாங்க பண்றது?"

"அந்தப் பையன வரச் சொல்லு. படகுல ஒக்காந்து பேசறத வூட்ல ஒக்காந்து பேசட்டும்."