பச்சைச் சேலைத் துண்டு

“அந்த முளைப்பாரிப் போட்டோவ மட்டும் கேக்காத செல்வி. தரமாட்டேன்.”

முருகலட்சுமி பெரியம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்.

“போன்ல ஒரு படம் புடிச்சிட்டுக் குடுத்துர்றேன் பெரியம்மா. என் வெப்சைட்டுல போடத்தான்.”

“எதுக்கும் கிடையாது. வந்தது வந்துட்ட, காப்பி குடிச்சிட்டுப் போ.”

காப்பியும் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள் தங்கச்செல்வி. பக்கத்து வீடுதான். கோபம் ஆறுவதற்குள் தன் வீடு வந்துவிட்டது.

அவளுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. போகிற வருகிற பஸ்ஸில் யோசித்து யோசித்துத் தனக்கென்று ஒரு வெப்சைட் செய்திருந்தாள். ‘பஸ்ஸில் கேட்டவை’ என்று ஒரு பக்கம். ‘மழை பெய்த நாட்கள்’ என்று ஒரு பக்கம். வானம் பார்த்த திருச்சுழிப் பக்கத்து ஆளுக்கு அதில் எழுத அதிகம் இருக்காது. முகப்புப் பக்கத்துக்கு மட்டும் ‘நன்றி’ என்று பெயர் வைத்து, அப்பா பிழைத்து வந்த வருசத்தைப் பற்றி எழுதியிருந்தாள். இன்று வெளியிட வேண்டும். படம்தான் இல்லை.

வீட்டில் அம்மா பேச்சி முறத்தை மடியில் வைத்துத் தட்டாம்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாயிற்று. நாளைக்கு முளை போட வேண்டும். அவள் இடது கை சொத்தையைச் சரசரவென்று ஒதுக்கியது. பேச்சிக்கு எல்லாமே இடது கைதான்.

“தரமாட்டாகளாம்மா! அந்த வருசம் பாரி எடுக்குறதுக்கு முந்தின நாளு, தனுஷ்கோடி அண்ணன் அவுக அம்மாவுக்குத் தெரியாம இருட்டறைக்குள்ள புகுந்து எடுத்த போட்டோ. வேற யார்ட்டயும் கிடையாது.”

ஊர்ப் பாரிச் சட்டிகள் எல்லாம் பெரியம்மா வீட்டு இருட்டறையில்தான் வளரும். விரதமிருந்து தண்ணீர் தெளிக்கிற பெரியம்மாவைத் தவிர யாரும், அவள் மகன் தனுஷ்கோடிகூட, உள்ளே போகக் கூடாது. எது யார் சட்டி என்று தெரிவதற்கு, அவரவர் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சட்டிக் கழுத்தில் கட்டிக் கொடுப்பார்கள்.

“எழுதினத வாசி, கேப்போம்” என்றாள் அம்மா.

செல்வி போனைப் பார்த்து வாசித்தாள்.

“அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘நம்ம பாரி நல்லா வந்தா உங்கப்பா எந்திரிச்சு வந்துருவாரு’ என்று சொல்லிச் சொல்லி அம்மா அழுதுகொண்டே இருந்தாள். எங்கள் பாரி ஊரிலேயே உயரமாக வந்தது. அதைத் தலையில் வைத்த பிறகுதான் அம்மா அழுகையை நிறுத்தினாள். அப்பாவும் வந்தார். ஊர்ப் பாரியெல்லாம் வளர்த்த பெரியம்மாவின் பாரி மட்டும் பாதிச் சட்டி மொட்டையாகக் கிடந்தது. பொறாமை பிடித்த கை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.”

அம்மாவின் கை நின்றது.

“அந்தக் கடைசி ரெண்டு வரிய எடு.”

“ஏன்? உள்ளதத்தான எழுதியிருக்கேன்? அந்த மொட்டைச் சட்டிய யாரும் பாத்துறக் கூடாதுன்னுதான் போட்டோவப் பொத்தி வைக்கிறாக. நீ என்னடான்னா, வருசா வருசம் நல்ல பயறாப் பொறுக்கி முதல்ல அவுகளுக்குக் குடுக்குற!”

“அந்த வருசம் நான் குடுத்தது வண்டடிச்ச பயறு, செல்வி.”

“என்னம்மா சொல்ற?”

“ஆஸ்பத்திரிக்கு ஓடுற அவசரத்துல கைக்கு வந்தத அள்ளிக் குடுத்துட்டேன். காரியாபட்டி தாண்டி பஸ்ஸுல போறப்பதான் நெனப்பு வந்துச்சு. அது எங்குட்டு முளைக்கும்?”

“அவ்வளவு உயரம் வந்துச்சே!”

“பாரி எடுக்குற அன்னைக்கு உங்க பெரியம்மா சட்டியத் தூக்கி எங்கையில குடுத்தா. கட்டியிருந்தது என் பச்சைச் சேலைத் துண்டுதான். ஆனா முடிச்சு என் இடது கை முடிச்சு இல்ல. சோத்தாங்கைக்காரி போட்ட முடிச்சு.”

 முந்தின நாள் எடுத்த போட்டோவில் பச்சைத் துண்டு அந்த மொட்டைச் சட்டியில்தான் இருக்கும் என்று செல்விக்கு இப்போது தெரிந்துவிட்டது.

“அப்ப… அவுக பொத்தி வைக்கிறது…”

“நான் பாத்துட்டா மனசொடிஞ்சு போவேன்னுதான். இத்தன வருசம் கழிச்சும்.”

“உனக்குத் தெரியும்னு அவுகள்ட்ட சொல்லலையாம்மா?”

“சொல்லிட்டா, சாமி காரியத்துல கைய வச்சதக் கண்டுபுடிச்சிட்டாளேன்னு கெடந்து தவிப்பா. அவளப் பத்தி எங்காதுபடப் பேசுனவுகள நான் சும்மா விட்டதில்ல. அது போதும்.”

செல்வி அந்த வரிகளை அழித்தாள். படம் இல்லாமலே ‘நன்றி’ பக்கத்தை வெளியிட்டாள். பிறகு முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியம்மாவுக்கு ஒதுக்கிய பயறை அவளும் ஒரு தடவை பொறுக்கத் தொடங்கினாள்.

“ஏம்மா, அது நம்ம பாரி இல்லைன்னு தெரிஞ்சும் எப்படிம்மா அன்னைக்கு அழுகைய நிறுத்துன?”

“பாரியப் பாத்தா நிறுத்துனேன்? அந்த முடிச்சப் பாத்துல்ல நிறுத்துனேன்!”