லயனல் பழுதுபார்க்கிறார்

கால்வாய்ப் படகுகளின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் அது. லயனல், தாமும் மனைவியும் குடியிருக்கும் படகின் எஞ்சினைத் தம் கையாலேயே பத்தொன்பதாவது முறையாகப் பழுதுபார்க்க முடிவு செய்திருந்தார்.

"இன்னிக்காவது கிளம்பிடுவோமா?" என்றாள் டோரீன்.

நாளை காலை கால்வாயைப் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். அப்புறம் மார்ச் வரை அந்த ஏழடி அகலப் படகில், ஈரம் சொட்டும் கூரையின் கீழ், லயனலோடு அடைபட்டுக் கிடக்க வேண்டும். கடை, சலவை, மகள் வீடு எல்லாம் கால்வாய் நுழைந்து போகும் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்.

"இது எஞ்சின், டீ கெட்டில் இல்ல கண்ணு. அவசரப்படுத்தாதே."

நிலக்கரி விற்கும் படகில் வந்த நெட் எட்டிப் பார்த்தார். "நான் வேணா பார்க்கட்டுமா லயனல்? காசு வேணாம், ஒரு டீ போதும்."

"என் எஞ்சின்ல இன்னொருத்தன் கை படாது!" என்று முழங்கிவிட்டு, லயனல் வாஷர் வாங்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் டோரீன் நெட்டை உள்ளே இழுக்காத குறைதான். நெட் சாவியைத் திருப்பினார். எஞ்சின் டுக்டுக்கென்று ஓட ஆரம்பித்தது.

"என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நீங்க இன்னும் டீயே போடல."

சத்தம் கேட்டு லயனல் கரையோரமாக ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அணைச்சிடு டோரீன்! உள்ளே ஒரே இருட்டு. என்னால முடியாது."

"எஞ்சினுக்குள்ளயா?"

"சுரங்கத்துக்குள்ள."

அந்தச் சுரங்கத்தின் நீளம் நாற்பது கஜம்.