வாழ வந்தவள்

"முளையிலேயே கிள்ளியாச்சு. இனிமே பயப்படாதீங்க" என்றார் டாக்டர் சத்யப்ரியா.

அருள்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பாண்டீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருங்குடலுக்குள் கேமரா விட்டு, அங்கிருந்த சதை வளர்ச்சியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

"அது கேன்சர்தானா டாக்டர்?"

"பாலிப்னு சொல்லுவோம். மரு மாதிரி ஒரு சதை. நெறையப் பேருக்குச் சும்மா கிடக்கும். சிலது வருஷக்கணக்கா வளந்து புத்தா மாறும். உங்களுக்கு நுனியில மாற ஆரம்பிச்சிருந்துச்சு. அடிக்குப் போறதுக்குள்ள மொத்தமா எடுத்துட்டோம். சொல்ற தேதியில மறுபடி கேமரா டெஸ்டுக்கு வந்துடணும், அவ்வளவுதான்."

"வராம எங்க போவாரு? நான் இழுத்துட்டு வாரேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

"இன்னொண்ணு. இது குடும்பத்துல ஓடலாம். இவர் கூடப் பிறந்தவங்களும் டெஸ்ட் எடுக்கணும். பிள்ளைங்க?"

"காலேஜ் படிக்குதுக."

"அவங்களுக்கு இன்னும் வயசு இருக்கு. பிறகு பாக்கலாம்."

"நானும் எடுக்கணுமா டாக்டர்?"

"ரத்த சொந்தத்துக்குத்தாம்மா. மனைவிக்கு அவசியமில்ல."

"அது சரி, இவ வாழ வந்தவதான" என்று அருள்பாண்டி சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சொன்ன வேலையை ஆறப்போடுகிறவள் இல்லை பாண்டீஸ்வரி. அங்கேயே திருமங்கலத்துக்குப் போன் போட்டு அவன் அண்ணன் சோணையைப் பிடித்தாள்.

"பெரிய மாமா, இந்த வாரமே நீங்க வந்து டெஸ்ட் எடுக்கணும்."

"எனக்கென்ன ஆத்தா, நேத்துகூட ஒரு சட்டி கறி தின்னேன்."

"எம்புட்டு தின்னீகன்னு யாரு கேட்டா? உள்ள என்ன முளைச்சிருக்குன்னு யாரு கண்டா? நீங்க வரலைன்னா வேன் பிடிச்சு நான் வாரேன்."

எதிர்முனை பணிந்தது. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கூடப் பிறந்தவங்க வேற யாரும் உண்டா?"

"ஒரு அக்கா இருந்துச்சு. சோலையம்மாள். போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு" என்றான் அருள்பாண்டி.

"எதனால?"

"மூலம் டாக்டர். ரத்தமாப் போயி ஆளே உருகிருச்சு. நாட்டு மருந்துதான் குடுத்தோம். அப்ப அதுக்கு நாப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது."

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

"அது மூலமா இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன். அவங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே மக."

"உங்க அண்ணனுக்கு முன்னாடி அந்தப் பொண்ணைத்தான் பாக்கணும். எந்த ஊர்ல இருக்காங்க? உடனே வரச் சொல்ல முடியுமா?"

பாண்டீஸ்வரி போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அருள்பாண்டி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"தாயில்லாத பொண்ண வெளியில குடுக்க மனசில்லாம நானே கட்டிக்கிட்டேன் டாக்டர்."