ஆளுக்கு ஒரு வாளி

கத்திரி வெயில் தொடங்கிய அன்று, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான், பூச்செடிக்குச் சொட்டும் கிடையாது என்று குடியிருப்புச் செயலாளர் சபாபதி அறிவிப்பு ஒட்டிவிட்டார். மறுநாள் காலை ஜெசிந்தா தன் வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். அங்கே செங்கல் அடுக்கி அவள் வளர்த்த பத்துமணிப் பூக்கள் துவண்டு கிடந்தன. பாத்தியின் குறுக்கே பலகையைப் போட்டுச் சேலையோடு உட்கார்ந்து, சோப்பைத் தொடாமல், தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். வழிந்ததையெல்லாம் மண் குடித்தது.

"செடிக்கு ஊத்தக் கூடாதுன்னு சொன்னேனேம்மா" என்றபடி சபாபதி மேலேறி வந்தார்.

"செடிக்கு எங்க சார் ஊத்துறேன்? குளிக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பினார். அவர் மனைவி படியேறி வந்துகொண்டிருந்தாள். தோளில் துண்டு, இரண்டு கையிலும் வாளி. அதில் ஒன்று அவருடைய பங்கு.